நீ ஓய்வு பெற்ற ஆட்டம்

மச்சான்,

போன வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மடிக்கணினியைத் திறந்தேன். நம் கணினி விளையாட்டின் அஞ்சல் பெட்டியில் ஒரு செய்தி கிடந்தது. இந்தப் பருவத்தோடு நீ ஓய்வு பெறப் போகிறாயாம். உன் பெயர், பதினோராம் இலக்கம், முகப்படம் இல்லாத ஆட்டக்காரர்களுக்கு அந்த மென்பொருள் போடுகிற சாம்பல் நிறத் தலை. கழகத்துக்கும் ரசிகர்களுக்கும் நீ நன்றி தெரிவித்ததாக வேறு எழுதியிருந்தது. நீ யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. கணினிக்கு அது தெரியாது. அதன் கணக்கில் நீ முப்பத்தைந்து வயதான, கால் தளர்ந்த ஒரு ஆட்டக்காரன். நிஜத்தில் உனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அடுத்த ஆட்டத்துக்குப் போகிற பொத்தானை அழுத்தவில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடற்கரை வீதியில் கொஞ்ச தூரம் போய்த் திரும்பினேன். வந்து பார்த்தபோதும் செய்தி அப்படியேதான் கிடந்தது. வேறு என்ன நடக்கும் என்று நினைத்தேனோ தெரியவில்லை.

உன்னை அந்த விளையாட்டுக்குள் போட்டது நான். நீ வேலைக்குக் கட்டார் போவதற்கு முந்திய மாதம், எங்கள் வீட்டு முன் அறையில். உதைபந்தாட்டக் கழகம் ஒன்றை நிர்வகிக்கிற விளையாட்டு அது. நாம் பந்தை உதைப்பதில்லை. யார் ஆடுவது, எங்கே நிற்பது, பந்தை எப்படிக் கைமாற்றுவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதில் இலங்கை லீக் கிடையாது. ஆகவே எங்கோ ஒரு குளிர் நாட்டின் மூன்றாம் பிரிவில் கிடந்த கழகத்தின் பெயரை அழித்துக் கல்முனை என்று எழுதினோம். முதல் மார்கழியிலேயே நம் ஆட்கள் பனியில் ஓடினார்கள். “பாவம்டா, எல்லாருக்கும் சுவெட்டர் வாங்கிக் குடு” என்றாய்.

அந்த அணிக்கு ஒரு இடது ஓர ஆட்டக்காரன் தேவைப்பட்டான். நம் ஊர்க் கழகத்தின் இடது ஓரம் நீதான். “என்னையே போடு” என்றாய். ஒவ்வொரு திறமைக்கும் இருபதுக்குப் புள்ளி கொடுக்க வேண்டும்.

“வேகம்?”

“இருபது போடு.”

“இருபது எண்டா உலகத்திலயே ஆருமில்ல.”

“வீரமுனைப் பொடியனுகளுக்கிட்டக் கேட்டுப் பாரு, நான் ஓடினா ஆரு புடிச்ச எண்டு.”

பதினேழு போட்டேன்.

“கோல் அடிக்கிறது?”

“பதினஞ்சு.”

“காரைதீவு மெச்சில ஆளில்லாத கோலுக்கு அடிச்சு, பந்து போய் ஐஸ்பழப் பெட்டிக்குள்ள உழுந்தத மறந்திட்டியா?”

“டேய், அது காத்து.”

“எட்டு.”

“பாவி. பத்தாவது போடு.”

“எட்டு எண்டா எட்டு.”

இடது காலுக்கு மட்டும் இருபது போட்டேன். அதில் நீயும் வாதாடவில்லை, நானும் வாதாடவில்லை.

பிறகு நீ போய்விட்டாய். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறை. உன் ஜும்ஆத் தொழுகை முடிந்து நீ சாப்பிட்டு எழும்பும்போது எனக்கு இங்கே அஸர் முடிந்திருக்கும். என் திரையை உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நான் ஆடுவேன், நீ பார்த்துக்கொண்டு ஏசுவாய்.

அந்த முதல் பருவத்தில் நாம் தோற்றுக்கொண்டே இருந்தோம். என் வழி கணக்கு வழி. டிப்ளோமாவில் மின்சாரம் படித்தவனுக்கு வீண்போகிற எதைக் கண்டாலும் கோபம் வரும். பந்து பறிபோகக் கூடாது என்பதுதான் எனக்கு முதல் விதி. கிட்ட நிற்பவனுக்கே கொடு, மெதுவாகக் கொடு, வழி இல்லையென்றால் பின்னுக்குக் கொடு. பிரிவிலேயே அதிகம் பந்து வைத்திருந்த அணி நம்முடையது. பிரிவிலேயே குறைவாகக் கோல் அடித்த அணியும் நம்முடையதுதான். நான் அட்டவணையைக் காட்டி, பந்து கைமாறுவதில் நாம்தான் முதலாவது என்று உனக்கு விளக்கினேன். நீ கொட்டாவி விட்டாய்.

“மச்சான், உன்ட பந்து வெள்ளாமைத் தண்ணி மாதிரி வரம்புக்குள்ளயே சுத்துது. வரம்ப வெட்டி உடு.”

“வெட்டினா பந்து போயிடும்.”

“போகட்டும். பந்த வெச்சிக்கிட்டு என்னடா செய்யப் போறாய்? கலியாணமா முடிக்கப் போறாய்?”

எனக்கு எரிச்சல் வந்தது. அழைப்பைத் துண்டித்துவிட்டேன். நீ திரும்ப எடுத்தாய், ஒன்றும் நடக்காத மாதிரி, விட்ட இடத்திலிருந்தே கதைத்தாய். “நிக்கிறவனுக்குக் குடுக்காத. அவன் ஓடிப் போற இடத்துக்குக் குடு. நிக்கிறவனுக்குக் குடுத்தா, அவன மறிக்க மத்தவனும் வந்திருவான்.”

உன்னைப் பொய்யாக்குவதற்காகத்தான் அதைச் செய்து பார்த்தேன். பின்வரிசையிலிருந்து நடுவுக்கு வருகிற பந்தைக் குறுக்கே தள்ளாமல், ஒரே தொடுகையில் முன்னே விடச் சொன்னேன். இடது பின்காப்பாளனை அவனுடைய இடத்திலேயே நிறுத்தினேன். அதுவரை அவன் மேலே ஏறி ஏறி, நீ ஓட வேண்டிய வெளியை அடைத்துக்கொண்டிருந்தான். முன்னால் நின்ற இருவரில் ஒருவனைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். அவனை விடக்கூடாது என்று எதிரணியின் நடுக்காப்பாளன் பின்னாலேயே வந்தான். அவன் விட்டு வந்த ஓட்டைக்குள் பந்து போயிற்று. இடது ஓரத்திலிருந்து குறுக்கே வெட்டி நீ போனாய்.

பந்து கைமாறும் கணக்கு அட்டவணையில் பாதிக்குக் கீழே இறங்கியது. கோல் ஏறியது. எட்டுப் புள்ளிக்காரனான நீகூட அடித்தாய். கோல்காப்பாளனும் நீயும் மட்டும் மிஞ்சுகிற இடத்துக்குப் பந்து வந்தால் எட்டே போதும். முதல் கோலுக்கு நீ அங்கே போட்ட சத்தத்தில் போன் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டு சொன்னாய்: “றூமில இருக்கிற நேபாளக்காரன், நான்தான் எங்கயோ கோல் அடிச்சிட்டன் எண்டு நெனச்சுக் கை குடுக்கான்டா.”

“நீ என்ன சொன்னாய்?”

“என்னத்தச் சொல்ற? நான்தானே அடிச்ச! கையக் குடுத்தன்.”

இரண்டாம் பிரிவுக்கு ஏறினோம். அதற்கு மேலே போவதுதான் உனக்கு வேண்டியிருந்தது. “மேல போகணும்டா. அங்கதான் மெச்சுக்குச் சனம் வரும்” என்பாய், அந்தச் சனம் நிஜமாகவே உன்னைப் பார்க்க வரப்போகிறது என்பதுபோல.

உன் செய்தி வந்தபோது நான் ஒலுவிலில் ஒரு வீட்டுக் கூரைமேல் நின்றேன். சோலார் பெனல் பூட்டுகிற வேலை. வெயில் ஏறாத நேரம். உன் உம்மாவின் இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. கூரைமேல் நிற்கும்போது நான் போன் எடுப்பதில்லை. அன்றைக்கு ஏனோ எடுத்தேன்.

“மனே, அவன் எழும்பல்லயாம்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. “என்ன மாமி, வேலைக்கு எழும்பல்லயா?” என்று கேட்டேன். பிறகு மறுபடியும் அதே வார்த்தை: “எழும்பல்லயாம்.”

நித்திரையிலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள். உடலை இங்கே கொண்டுவர நாள் செல்லும், மையித்தைக் காக்க வைக்கக் கூடாது, அங்கேயே அடக்குவது நல்லது என்று உறவுக்காரர்கள் கூடிக் கதைத்தார்கள். கடைசியில் உன் உம்மாவிடம் கேட்டார்கள். அவர் “ஓம்” என்றார். அந்த ஓம் எப்படி வந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளியில் உனக்குக் காயிப் ஜனாஸா தொழுதோம். மையித்து இங்கே இல்லாதவருக்குத் தொழுகிற தொழுகை. சப்பு வரிசை நிறைய நின்றது. கழகத்துப் பொடியன்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். இமாமுக்கு முன்னால் மையித்தை வைக்கிற சந்தூக்கு இல்லை. வெறும் பாய். நான்கு தக்பீர், ஸலாம், முடிந்தது. எல்லாரும் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். அடுத்து எங்கே போவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மையவாடிக்குப் போகிற வேலை இல்லையே. தோளில் தூக்கவில்லை, மூன்று பிடி மண் போடவில்லை. கடைசியில் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனோம். எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன். அதையும் உனக்குச் சொல்ல வேண்டும்.

கையில் ஒன்றும் இல்லாமல் வந்ததாலோ என்னவோ, அடுத்த வெள்ளி மடிக்கணினியைத் திறந்தேன். நீ இடது ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தாய்.

ஒரு பின்னேரத்தில் நாலைந்து ஆட்டம் ஆடித் தள்ளியவர்கள் நாம். அதற்குப் பிறகு வெள்ளிக்கு ஒன்றுக்கு மேல் ஆடவில்லை. ஆடாமலும் விட முடியவில்லை, கெதியாக ஆடினால் உனக்கு வயது ஏறிவிடும். மெதுவாக ஆடினாலும் ஏறத்தான் செய்தது. பதினேழாக இருந்த வேகம் பதினொன்றுக்கு இறங்கியது. ஓரத்தில் நம் அணியிலேயே உன்னைவிடப் பத்து வயது இளையவன் உன்னைக் கடந்து போனான். உன்னை வெளியே வைக்க மனம் இல்லாமல், ஓட வேண்டிய தேவை குறைந்த நடுவுக்கு மாற்றினேன். அதோடு நின்றிருக்கலாம். எல்லாப் பந்தும் முதலில் உன்னிடம்தான் வர வேண்டும் என்று அணிக்குக் கட்டளை வைத்தேன். நீ திரையில் அடிக்கடி தெரிய வேண்டும். அவ்வளவுதான் என் தந்திரம்.

என் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த விசயம். பெனல்களை வரிசையாகக் கோத்துவிட்டால், ஒன்றின்மேல் தென்னோலை நிழல் விழுந்தாலும் முழு வரிசையின் மின்னோட்டமும் இறங்கும். வெயிலில் கிடக்கிற மற்றப் பெனல்களும் அந்த நிழலுக்குத் தக்கபடிதான் வேலை செய்யும். வீட்டுக்காரர்களிடம் இதை ஈவு இரக்கம் இல்லாமல் சொல்கிறவன் நான். ஓலையை வெட்டுங்கள், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடாதீர்கள். அதே நான் பதினொரு பேரையும் உன் வழியாகக் கோத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து உன்னிடம் வரும். நீ திரும்புவதற்குள் இருவர் வந்துவிடுவார்கள். பந்து போகும். முன்னால் ஓடியவர்கள் ஓடிய இடத்திலேயே நின்று திரும்பிப் பார்ப்பார்கள். முதலாம் இடத்தில் இருந்த நாம் வாரத்துக்கு வாரம் இறங்கினோம். மேல்பிரிவுக்குப் போவது கடைசி ஆட்டத்தில் தொங்கியது. சமநிலை போதாது, வெல்ல வேண்டும். அந்த ஆட்டத்துக்கு முன்னால்தான் உன் ஓய்வுச் செய்தி வந்தது.

உன்னை வெளியே வைத்தால் வெல்லலாம். பெயரை இழுத்துக் கீழே விடுகிற வேலைதான். எனக்கு ஏலவில்லை.

உன் உம்மா நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்றிலிருந்தே என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். “அவன் அந்தக் கொம்பியூட்டருக்குள்ள ஓடுறானாமே. என்னட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். எனக்கும் ஒருக்காக் காட்டு மனே.” “காட்டுறன் மாமி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு வந்தேன். விரல் நகம் அளவு ஒரு சிவப்புப் பொம்மையைக் காட்டி இதுதான் உங்கள் பிள்ளை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஓய்வுச் செய்தி வந்த பிறகு தள்ளிப்போட இடம் இல்லை. இன்றைக்கு அஸர் தொழுத கையோடு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன்.

மேசையைத் துடைத்து வைத்திருந்தார். எனக்குப் பால் போடாத பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கதிரையை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்டத்தைத் தொடங்கினேன்.

“எது மனே என்ட புள்ள?”

“சிவப்புச் சட்டை மாமி. நடுவுல, பதினொண்டு.”

“எல்லாம் எறும்பு மாதிரிக் கிடக்கு.”

படத்தைக் கிட்டக் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“ஆ, இந்தா. மெலிஞ்சிட்டான்.”

எல்லாப் பொம்மைக்கும் ஒரே உடம்புதான் என்று நான் சொல்லவில்லை.

முதற்பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். நீ பந்தைத் தொட்டால் “புடிச்சிட்டான்” என்பார். பறிபோனால், பறித்தவனுக்கு ஏச்சு: “என்ன பழக்கம் இது, தள்ளிப்போட்டு எடுக்கிற?” யார் யாரோடு ஆடுகிறார்கள் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கோல் இல்லாமல் பாதி முடிந்தது. இரண்டாம் பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் புள்ளிவிபரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உன்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மனே எல்லாரும் இவனுக்கிட்டயே குடுக்காங்க?”

“நான்தான் அப்பிடிச் சொல்லி வெச்சிருக்கன் மாமி.”

“இவனுக்கு ஏலாமக் கிடக்கே. பாரு, நடக்கான்.”

உன் பெயருக்குப் பக்கத்தில் உடற்பலம் காட்டுகிற கோடு சிவப்பாகிக் கிடந்தது. அவருக்கு அந்தக் கோடு தெரியாது. நடையைப் பார்த்துச் சொன்னார்.

“களைச்சிட்டான். வெளிய எடு மனே.”

“எடுத்தா மறுகா உள்ளுக்கு வர ஏலா மாமி. இதுதான் அவன்ட கடைசி மெச்.”

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“தெரியும் மனே. உக்காரட்டும். அங்கயும் நிண்ட காலோடதானே வேலை செஞ்ச புள்ள.”

ஆட்டத்தை நிறுத்தினேன். உன் பெயரைப் பிடித்து இழுத்தேன். முதல் தடவை தவறி வேறு யாரோ மாறிவிட்டான், அதைத் திருத்திவிட்டு இரண்டாம் தடவை சரியாக இழுத்தேன். ஆள் மாற்றும் பலகையில் பதினொன்று சிவப்பில் எழும்பியது. நீ நடுவிலிருந்து கோட்டுக்கு நடந்து வந்தாய். விளையாட்டின் சனம் கை தட்டியது. உன் உம்மாவும் சத்தம் இல்லாமல் இரண்டு தடவை தட்டினார்.

பிறகு என் வேலையைச் செய்தேன். எல்லாப் பந்தும் நடுவுக்கு என்ற கட்டளையை எடுத்தேன். வேகத்தைக் கூட்டினேன். இடது ஓரத்தில் அந்த இளைய பொடியனை விட்டு, அவனுக்கு முன்னால் இருந்த வெளிக்குப் பந்தை விடச் சொன்னேன். நடுவில் ஒரு தொடுகை, கீழே இறங்கிய முன்னாட்டக்காரனுக்கு ஒரு தொடுகை, பிறகு யாரும் இல்லாத புல்லுக்குள் ஒரு நீளப் பந்து. யாரும் இல்லாத அந்த இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தான். கோல். மேல்பிரிவுக்குப் போய்விட்டோம், மச்சான்.

“வெண்டுட்டமா?” என்று கேட்டார்.

“ஓம் மாமி.”

“அல்ஹம்துலில்லாஹ். அவன் எங்க உக்காந்திருக்கான்?”

வெளியே போனவர்களை அந்த விளையாட்டு காட்டுவதில்லை. கோட்டைத் தாண்டியதும் அழித்துவிடும். நான் திரையின் இடது ஓரத்தில், புல் முடிகிற இடத்தைத் தொட்டுக் காட்டினேன். “இந்தா, இந்தப் பக்கம் மாமி.”

நான் கையை எடுத்ததும், அதே இடத்தில் அவர் தன் விரலை வைத்தார். மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் எடுக்கவில்லை. பிறகு எழும்பித் தொழுகைக்கு ஒளுச் செய்யப் போனார்.

வீட்டுக்கு வந்து பருவத்தை முடித்தேன். உன்னைப் பயிற்சியாளனாக வைத்துக்கொள்ள விருப்பமா என்று விளையாட்டு கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். உட்காரட்டும் என்று உன் உம்மா சொல்லிவிட்டார். பதினோராம் இலக்கத்தை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்கிற மாதிரிப் பம்மாத்தெல்லாம் எனக்கு வராது. அந்தப் பொடியனுக்கே கொடுத்துவிட்டேன். மேல்பிரிவில் அவன் தாங்குவானா தெரியாது. தலையால் அடிக்கத் தெரியவில்லை. வலது கால் வெறும் பாரத்துக்கு.

ஒன்று மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. பாதி நேரத்தில் எதையாவது மாற்ற வேண்டும் என்றால் உன்னிடம் வாய்விட்டுக் கேட்டுப் பழகிவிட்டேன். அங்கிருந்து உன் குரல் எப்போதும் கொஞ்சம் பிந்தித்தான் வரும். கேள்வி கடல் தாண்டிப் போய், பதில் கடல் தாண்டி வர வேண்டும். யாருக்காகவும் பொறுத்துப் பழகாத நான், அந்த இடைவெளிக்கு மட்டும் பழகிப்போனேன். முந்திக் கதைத்தால் இரண்டு குரலும் மோதி ஒன்றும் விளங்காது. இப்போதும் கேட்கிறேன்: “என்ன மச்சான், மாத்துவமா?” உன் குரல் வந்து சேர எடுக்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன். அதற்குப் பிறகுதான் மாற்றுகிறேன்.